கோவேறு கழுதையை ஒளித்துவைக்க விடாதவள்

எங்கள் பார்க்கின் சுரங்க ராட்டினத்தில் வண்டிக்கு இரண்டு பேர் என்பதுதான் விதி. கூட்ட நாளில் தனியாக வருகிறவரை முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்த்து உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, வருஷம் தவறாமல் மனைவியோடு வருகிற ஒரு பெரியவர் முதல்முறையாகத் தனியாக வந்து நின்றார். ராட்டினத்தை ஓட்டுகிற வெர்னா ஹூடாக் அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவரிடம், "இந்த வண்டில அந்தப் பக்கத்து பெல்ட்டு பூட்ட மாட்டேங்குதுங்க, நீங்க அடுத்ததுல வாங்க" என்றாள்.

பெல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. காலையில் அந்த வண்டியைத் துடைத்துப் பூட்டிப் பார்த்தவள் நான்தான். பெரியவர் காலி இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் போனார். வெர்னா கம்பியை இழுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹெம்லாக் தோப்பு பார்க்கில் நான் பெருக்குகிற வேலை செய்கிறேன். டொமினிக்கன் நாட்டை விட்டு இந்த பென்சில்வேனியா நிலக்கரி ஊருக்கு வந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. என் பெயர் அல்தாகிராசியா. முதல் நாளே வெர்னா அதை ஆல்டா என்று சுருக்கிவிட்டாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுதுகிறேன்.

வெர்னா பார்த்துக்கொண்ட ராட்டினத்துக்குப் பெயர் பதின்மூன்றாம் சுரங்கம். சின்ன நிலக்கரி வண்டியில் உட்கார்ந்து இருட்டுக்குள் போக வேண்டும். கடைசியில் பெஸ் என்கிற கோவேறு கழுதை பொம்மை வழியை மறித்து நிற்கும். சுரங்கத்து ஆட்கள் தள்ளுவார்கள், திட்டுவார்கள், அது அசையாது. அப்போது அதற்கு முன்னால் கூரை இடிந்து விழும். கழுதையின் பிடிவாதத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். உடனே மேலேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும்: "ஏ, சூப் ஆறுது! எல்லாரும் ஏறி வாங்க!"

அந்தக் குரல் வெர்னாவுடையது. 1981இல், அவளுக்கு இருபது வயதில், பழைய முதலாளி சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பம்பு அறைக்குக் கூப்பிட்டு, ஒரு டேப் ரிக்கார்டருக்கு முன்னால் நிற்கவைத்துக் கத்தச் சொன்னார். அவள் தன் அம்மா கூப்பிடுகிற மாதிரியே கத்தினாள். ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பார்க் கைமாறியது. புதிய கம்பெனிக்காரர்கள் "பனிச்சிறுத்தைப் படை" என்ற சினிமாவின் உரிமையை வாங்கினார்கள். ஆறு பாகம் வந்த படம். சுரங்கத்தைக் காலி செய்துவிட்டு அதற்குள் சிறுத்தைகளை வைக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஊர் இரண்டானது.

இந்த மாதிரி பார்க்குகளுக்கென்று ரசிகர்கள் இருப்பதே எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். எத்தனை தடவை ஏறினோம் என்று நோட்டுப் போட்டு எழுதுவார்கள். தண்டவாளத்தில் எந்த இடத்தில் எந்த வருஷம் சத்தம் மாறியது என்று சண்டை போடுவார்கள். சுரங்க ரசிகர்களுக்குத் தலைவர் ராய்ஸ் டெட்வைலர், ஓய்வு பெற்ற தபால்காரர். நாலாயிரத்துச் சொச்சம் தடவை ஏறியவர். சினிமா ரசிகர்கள் பக்கம் டோரன்ஸ், டயர் கடையில் வேலை செய்கிறவன், புள்ளி போட்ட ஜாக்கெட்டைக் கழற்றவே மாட்டான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இறைச்சி சாப்பிடாத அந்த நாளுக்கென்று விற்கிற மீன் வறுவல் விற்று முடிந்ததும், தீயணைப்பு நிலையக் கூடத்தில் இரண்டு கட்சியும் கூடியது.

"பெஸ்ஸ யாருக்குத் தெரியும், சொல்லுங்க பாப்போம்" என்றான் டோரன்ஸ். "மூணு ஊர் தாண்டினா ஒருத்தனுக்கும் தெரியாது. சிறுத்தைய உலகத்துக்கே தெரியும்."

"உலகத்துக்கே தெரிஞ்சத இங்க வந்து எதுக்குப்பா பாக்கணும்?" என்றாள் வெர்னா. "வீட்ல சோபால படுத்துக்கிட்டே பாக்கலாமே."

"பார்க் நடக்க வேணாமா வெர்னாம்மா? கூட்டம் வந்தாத்தான உங்களுக்கும் வேலை?"

"நடக்கட்டும். எங்க தலைமேல ஏறித்தான் நடக்கணுமா? பழைய ஸ்கேட்டிங் கொட்டகை புல்லு மொளைச்சுக் கெடக்கு. அங்க கட்டச் சொல்லு உன் பூனைக்கு."

கூடம் சிரித்தது. டோரன்ஸ் சிரிக்கவில்லை. "எனக்கு இது வெளயாட்டு இல்ல. நானும் எங்கப்பாவும் பேசிக்கிட்டதே அந்த ஆறு படத்தப் பத்தித்தான். வேற எதுவும் எங்களுக்குப் பேச வராது. இப்ப அவரு இல்ல."

வெர்னா எழுந்து போய் அவன் தட்டில் மிஞ்சியிருந்த ஒரு துண்டு மீனை வைத்தாள். "அத நான் கேலி பண்ணல தம்பி. எடத்தத்தான் கேக்கறேன்."

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியின் ஆள் கிரேசன் ஒரு நல்ல செய்தியோடு வந்தான். ஒரு பழைய ராட்டினத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது, பழையதின் ஏதாவது ஒரு பொருளைப் புதியதற்குள் எங்காவது மறைத்துவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ரசிகர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்கள். அதன்படி பெஸ்ஸைச் சிறுத்தைக் குகையின் மூன்றாவது கதவுக்கு மேலே, உத்தரத்து இருட்டில் வைப்போம் என்றான். அந்த இடத்தில் வெர்னாவின் குரலும் மெதுவாகக் கேட்கும். குரல் வந்தால்தான் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள், அதனால் குரல் இல்லையென்றால் கழுதையும் இல்லை. அன்று வாங்காத அனுமதியை இப்போது தருவதாக வெர்னா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

ராய்ஸ் அழுதேவிட்டார். சுரங்க ரசிகர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்கள். மறு வாரமே முதுகில் "பெஸ் எங்கே?" என்று எழுதிய பனியனை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ராட்டினம் போகப்போவதை அவர்களில் யாரும் பிறகு பேசவே இல்லை. கழுதையின் எந்தக் காது முதலில் தெரியும் என்பதுதான் அவர்களுக்குப் பேச்சாக இருந்தது.

வெர்னா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

நானும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். மாதா கோயில் நிலவறையில், விற்பதற்காக, பியரோகி என்கிற கொழுக்கட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தோம். "போட்டுடேன் வெர்னா. ஒரு மூலையாவது கெடைக்குதே."

"ஆல்டா, ஒருத்தன் உன் வீட்ட எடுத்துக்கறான். உன் போட்டோவ மட்டும் அவன் கதவுக்குப் பின்னால மாட்டி வைக்கறேங்கறான். தேங்க்ஸ் சொல்லுவியா?"

ஆனாலும் அந்த ஞாயிறு பூசையில், அவள் மனம் இளக வேண்டும் என்றுதான் மாதாவிடம் கேட்டேன். சண்டை என்றாலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுகிறவள் நான்.

மே மாதம் அதே தீயணைப்பு நிலையக் கூடத்தில் கிரேசன் தாளோடு வந்தான். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"கிரேசன், அந்தக் கூப்பாடு யாரக் கூப்பிடறதுக்குன்னு தெரியுமா ஒனக்கு?" என்று வெர்னா கேட்டாள்.

"சுரங்கத்து ஆளுங்கள, மேடம்."

"அவங்கள வெளில தொரத்திட்டு, யாருக்கு சூப் ஆறுதுன்னு நான் கத்தணும்? சிறுத்தைக்கா?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ராய்ஸ் முகம் சிவந்துவிட்டது. "உன் வீம்புக்கு எங்களுக்கு இருக்கறதும் போகணுமா? நாலாயிரம் தடவ ஏறினவன் நான். நீ போடலன்னா எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது!"

"ஆமா ராய்ஸ், மிஞ்சாது. எடுத்தவங்க மொத்தமா எடுத்தாங்கன்னு இருக்கட்டும். பாதி குடுத்தாங்கன்னு பேரு வாங்கிட்டுப் போக வேணாம்."

"நீ யாரு அதச் சொல்றதுக்கு?"

"கத்துனவ."

சத்தம் பெரிதானது. சுயநலக்காரி என்றார்கள், பைத்தியம் என்றார்கள். எல்லாம் அவள் கட்சிக்காரர்களே சொன்னது. எதிர்க் கட்சியிலிருந்து டோரன்ஸ்தான் நாற்காலி மேல் ஏறினான். "அவங்க சொல்றது சரிதாங்க. நாளைக்கு எங்க சிறுத்தையத் தூக்கிட்டு, வாலை மட்டும் இன்னொரு படத்துச் செவுத்துல ஒட்டினா எனக்குப் புடிக்காது. நாங்க ஜெயிச்சுட்டோம். ஜெயிச்ச வீட்டுக்குள்ள அவங்கள ஏன் ஒளிஞ்சு நிக்கச் சொல்றீங்க?"

"நீ எறங்குடா, நாற்காலி ஒடஞ்சிரும்" என்றாள் வெர்னா. கிரேசன் தாளை மடித்து வைத்துக்கொண்டான்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் விடுமுறை அன்று, சுரங்கத்துக்குக் கடைசி நாள். கடைசி வண்டி, அதிகத் தடவை ஏறியவருக்கு என்பது ரசிகர்களின் வழக்கம். மே மாதத்திலிருந்து வெர்னாவோடு ஒரு வார்த்தை பேசாத ராய்ஸ் வந்து உட்கார்ந்தார். அவளே பெல்ட்டைப் பூட்டினாள். அன்று காலையிலும் கிரேசன் ஒருமுறை கேட்டிருந்தான். புதிய ராட்டினத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலையும் தருவதாகச் சொன்னான். இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னாளாம், அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

வண்டி உள்ளே போனது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். நாற்பது வருஷத்துக் குரல் கடைசியாக ஒருதரம் கேட்டது. சூப் ஆறுது, ஏறி வாங்க. வெர்னா நேராக நின்று கேட்டாள். கண்ணைத் துடைக்கவில்லை.

ராய்ஸ் இறங்கி அவள் முன்னால் நின்றார். "எனக்கு இன்னும் கோவந்தான்."

"இருக்கட்டும். கோவம் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டீங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டு போனார்.

அக்டோபரில் வெர்னா ஈரி நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடிபோனாள். கிளம்புகிற அன்று காலை, பார்க்கின் வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பார்க்க வந்தாள். உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் ஜெபமாலையை அவளிடம் கொடுத்தேன், அவள் எனக்கு வெங்காயம் வதக்கிப் போட்ட கோஸ் நூடுல்ஸ் ஒரு டப்பா கொடுத்தாள். அவள் கையெழுத்துப் போட வேண்டும் என்று மாதாவிடம் கேட்டதை அப்போதுதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"மாதாவுக்குப் புத்தி இருந்திருக்கு, நீ கேட்டதக் குடுக்கல" என்றாள்.

"புது ராட்டினத்த நான்தான் பெருக்கப்போறேன். பழைய ஆளுங்க வந்து, பெஸ் எங்க, ஒன் கொரல் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவள் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"வெர்னா கையெழுத்துப் போடலன்னு சொல்லு. போட மறந்துட்டான்னு மட்டும் எவனும் சொல்ல விட்டுடாத."