விடுதிக்குப் போன வயர்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து ஆசிரியர் கல்லூரி ஒன்றில் நெட்வர்க் பார்க்கிற வேலை எனக்கு. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். அனுமதியில்லாமல் யாராவது ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து தப்பான துளையில் குத்திவிட்டால், கணினிகளுக்கு எங்கள் சர்வர் கொடுக்க வேண்டிய நெட்வர்க் முகவரிகளை அது தன்பாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கும். அலுவலகக் கணினிகள் அத்தனையும் திக்குத் தெரியாமல் நிற்கும். நான் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் உயிர் வருகிறது என்று பார்ப்பேன். எப்போதும் அது பெண்கள் விடுதிக்குப் போகிற வயர்தான்.

விடுதியில் வார்டன் அறைக்கு மட்டும்தான் இணைப்பு. பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர்களோ என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரு வீட்டுக்குக் கரண்ட் வந்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் வயர் இழுத்துக் கொடுப்பதை அங்கே யாரும் திருட்டென்று சொல்வதில்லை.

ரவுட்டர் வைத்தவளைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை. எழுதப் படிக்கத் தெரியாது, கையில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த வீட்டுப் பெண் தன் கணினியைத் திறந்து கொடுப்பாளாம். அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசுவது அப்போது மட்டும்தான். எனக்குப் பிடுங்க மனம் வரவில்லை. வயரைச் சரியான துளைக்கு மாற்றிவிட்டேன். யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடியது. வார்டனும் கண்டுகொள்ளவில்லை.

கடைசி அறைக்கு எட்டவில்லை என்று அங்குள்ளவர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். இவள் பாவப்பட்டு அவர்களுக்கும் ஒரு ரவுட்டர் தேடி, வார்டன் அறை இணைப்பிலேயே பழையபடி தப்பாகக் குத்திக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் பரீட்சைப் புள்ளிகளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கல்லூரி முழுக்க நெட்வர்க் செத்துப்போனது.

கல்லூரித் தலைவரான பீடாதிபதி யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

"உங்கட பிள்ளையளெண்டு நீர் இடம் குடுத்திட்டீர். அந்த வயரை வெட்டிப்போட்டு வாரும்," என்றார்.

தோட்டத்து ஆட்களென்று எங்களைத் தனியே பிரித்து 'உங்கட' என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வெட்டினேன். அன்று வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு விடுதி கேட் பூட்டிவிடுவார்கள், டவுன் இன்டர்நெட் கடைக்கும் அவள் போக வழியில்லை.

கேட்டருகில் நின்றிருந்தாள். தலைவாரி, நல்ல சட்டை போட்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நிப்பாட்டினது சரிங்க சேர். அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்ல விட்டுட்டு நிப்பாட்டியிருக்கலாங்க."

எதற்காக மகள் வரவில்லை என்று தெரியாமலே அந்தத் தாய் அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்திருப்பாள்.