1895 அல்ல, 1898

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆம்பூரில் தான் வேலை பார்க்கும் தோல்பொருள் யூனிட்டில், மோகனா மூவாயிரம் பர்ஸுகளில் 1979, 1980 என்ற இரண்டே எண்களைப் பொன்னிறத்தில் அச்சடித்தாள். ஒரே எண்களை நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தால் அவை என்னவென்று தெரிந்துகொள்ளத் தோன்றாமலா இருக்கும்? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் செல்போனை எடுத்துத் தேடினாள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று ஓர் இங்கிலீஷ் கால்பந்து கிளப். 1865இல் பிறந்தது. தொடங்கிய கையோடு அவர்கள் ஒரு டஜன் சிவப்புக் குல்லாய் வாங்கினார்களாம். சொந்த நாட்டு லீகை ஒரே ஒரு முறை ஜெயித்துவிட்டு, அடுத்தடுத்த இரண்டு வருஷம் ஐரோப்பியக் கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

மோகனா பேரணாம்பட்டில் பீடி சுற்றிய சௌந்தரத்தின் மகள். பள்ளியில் மாவட்டக் கால்பந்து அணிக்கு ஆடியவள். பத்தாவதோடு படிப்பு நின்று, பதினேழு வயதில் ஷூ கம்பெனிக்குப் போனபிறகு பந்தைத் தொட்டதில்லை. இப்போது வயது முப்பத்தெட்டு. அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஸ்கோர் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஃபாரஸ்ட் தோற்றால் குழம்பில் உப்பு கூடிவிடுகிறது என்று கணவன் வசந்த் கேலி செய்வான்.

இந்த ஜனவரியில் அதே கிளப்பின் ரசிகர்களுக்காக இன்னொரு ஆர்டர் வந்தது. இங்கிலாந்தில் ஒரு வியாபாரக் கம்பெனி கேட்ட ஆயிரம் டைரி உறைகள். பின்பக்கத்தில் கிளப் ஜெயித்த கோப்பைகளும் வருஷங்களும் வரிசையாக வர வேண்டும். சரக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும்.

வெள்ளி காலை மோகனா பித்தளை அச்சை மெஷினில் பூட்டினாள். முதல் உறையில் வரி நேராக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். எதிரே கூட வேலை பார்க்கும் பில்கிஸ் தோலை எடுத்துக் கொடுக்க, பத்து மணிக்குள் இருநூறு முடிந்திருந்தது. டீ நேரத்தில் ஓர் உறையைத் திருப்பி, சும்மா படித்தாள். எஃப்.ஏ. கோப்பை: 1895, 1959.

மறுபடி படித்தாள். 1959 சரி. ஒருவனுக்குக் கால் எலும்பு முறிந்து, மிச்சம் பத்துப் பேரோடு ஆடி ஜெயித்த வருஷம். ஆனால் முதல் கோப்பை 1898. பக்கத்து ஊரான டெர்பியை அடித்து வாங்கியது. ஆம்பூர் வாணியம்பாடியை அடித்த மாதிரி என்று அன்றைக்கே மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

முன்பு ஷூ கம்பெனியில், அட்டைப்பெட்டியில் சைஸ் தப்பாக இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தப்பு இருந்தது உண்மை. ஆனால் மறுவாரம் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் அவள்தான். நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்தாள். இப்போதோ, முதல் உறையைச் சரியென்று விட்டதும் அவளேதான். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? கை மெஷின்மேல் இருந்தது. பில்கிஸ் அடுத்த தோலை நீட்டினாள். மோகனா வாங்கவில்லை. சுவிட்சை அணைத்தாள்.

சூப்பர்வைசர் ஜான்சன் ஓடி வந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளைக் கொண்டு வந்து காட்டினார். அதிலும் 1895தான்.

"அவங்க ஊரு, அவங்க கிளப்பு. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? மெஷினைப் போடும்மா."

"சார், அந்த வருஷம் கப்பு வேற டீம் வாங்கினது. ஆஸ்டன் வில்லா. இதுல போட்டா அடுத்தவன் கப்பை நாம எடுத்து இவங்களுக்குக் குடுத்த மாதிரி."

அவர் போய் முதலாளி மக்பூல் அகமதை அழைத்து வந்தார். முதலாளி செல்போனில் இரண்டு மூன்று இடம் தேடினார். எல்லாவற்றிலும் 1898. ஆனாலும் கையெழுத்தான தாளை மீறி ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. இங்கிலாந்துக்கு மெயில் போட்டாயிற்று. அங்கே ஆபீஸ் திறக்க நமக்கு மத்தியானம் இரண்டரை ஆகும்.

அதுவரை மெஷின் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் மோகனாவிடம், "இது உண்மையா இருந்தா சரி" என்றார். இல்லாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

நாலு மணி நேரம். பேக்கிங் ஆட்கள் காலி அட்டைப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். பில்கிஸ் பிரித்து வைத்த டிபன் பாக்ஸை அவள் தொடவில்லை. ஒரு யோசனை அப்போதுதான் வந்தது: அச்சு வந்திறங்கியபோது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் ஜான்சன். அவள் சொன்னது சரியானால் அவர் தலை உருளும். இரண்டு பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைப்பவர். அவரிடம் போய்ப் பேசலாமென்று எழுந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு ஐம்பதுக்குப் பதில் வந்தது. தாள் தயாரித்த இடத்திலேயே தப்பு, 1898தான் சரி, வேலையை நிறுத்தியதற்கு நன்றி, சரக்கு ஒரு வாரம் கழித்து வரட்டும் என்று எழுதியிருந்தார்கள். பில்கிஸ் மோகனாவின் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, டிபன் பாக்ஸை அவள் முன் நகர்த்தினாள்.

அச்சைச் சரிபார்த்தீர்களா என்று முதலாளி எல்லார் எதிரிலும் ஜான்சனைக் கேட்டார். அவர் மறைக்கவில்லை. எழுத்து சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்ததாகவும், வருஷத்தைப் படிக்கவே இல்லை என்றும் சொன்னார். முதல் உறையைத் தானும் படிக்காமல் விட்டதை மோகனா எழுந்து நின்று சொன்னாள். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீணான இருநூறு உறைகளையும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். யார் வேலையும் போகவில்லை.

ஜான்சன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை திருத்திய தாளும் புது அச்சும் வந்தன. அவர் அச்சைச் சுற்றியிருந்த துணியோடு கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்தார்.

"நீ படி. நான் தாளைப் பார்க்கிறேன்."

பித்தளையில் எழுத்துகள் இடவலம் மாறி இருந்தன. மோகனா விரலை வைத்து ஒவ்வொரு வருஷமாகச் சத்தமாகப் படித்தாள்.