ஐந்து மைலும் ஒரு தேங்காயும்

விதி தெளிவானது. ஸ்டியரிங் பழுதுபார்க்கப்பட்ட எந்த அலுவலக வண்டியையும், வாகனப் பிரிவு அதிகாரி தாமே உட்கார்ந்து ஐந்து மைல் ஓட்டுவித்துப் பார்த்த பிறகே சரிபார்ப்புச் சான்றில் கையெழுத்திட வேண்டும்.

அந்த அதிகாரி நான். ஓட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்திட்டேன்.

விதி தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான்!

தாராவிப் பட்டறையிலிருந்து வண்டி வந்த அன்று, நம்மவர் வழக்கப்படி நேரே மாட்டுங்கா கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றினோம். பட்டறையிலிருந்து கோயில் ஒரு மைல்கூட இராது. மீதி நான்கு மைலைத் தேங்காய் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினேனா? எண்ணினேன்... வேறென்ன சொல்ல? கோயில் வாசலிலேயே, வண்டியின் முன்மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

டிரைவர் சுடலைமுத்து தாராவியில் குடியிருந்தவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மறுநாள் காலையிலேயே என் மேஜைக்கு வந்தான்.

"சார், வண்டி இடப்பக்கமா இழுக்கு. வளைவுல திருப்புனா ஸ்டியரிங் தானா நேரா வரமாட்டேங்கு. எழுதிக் குடுக்கட்டுமா?"

"புதுசா மாத்தின பாகம், இறுக்கமாத்தான் இருக்கும். நாலு நாள் ஓடினா சரியாயிடும். எழுதாதே. எழுதினா வண்டி மறுபடி மூணு வாரம் பட்டறையில நிக்கும்."

வண்டி நிற்பதா எனக்குக் கவலை? என் கையெழுத்துக்கு மறுநாளே புகார் என்பதல்லவா கவலை!

நான்காம் நாள் செம்பூர் வளைவில் வண்டி மரத்தில் மோதியது. பின்சீட்டில் யாரும் இல்லை. சுடலைமுத்துவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

விசாரணைக் குழுவில் மூவர். அந்த மூவரில் நானும் ஒருவன். விதிப்படி நான் அங்கே உட்கார்ந்திருக்கவே கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். வண்டியில் கோளாறு இருந்ததை முன்பே சொன்னாயா என்று தலைவர் கேட்டார். சொன்னதாக அவன் சொன்னான். யாரிடம் என்று அவர் கேட்பதற்குள் நான் குறுக்கிட்டேன்.

"எழுத்து மூலமாகச் சொன்னாயா?"

அவன் என்னைப் பார்த்தான். தோளில் கட்டுப் போட்டிருந்தது. எழுதாதே என்றது யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல சார். எழுதிக் குடுக்கல."

கவனக்குறைவு என்று குறித்தார்கள். அவனுக்கு வேலை போயிற்று. நான் மாலை சூட்டப்பட்டு ஓய்வு பெற்றேன்.

ஏன் அவன் சொல்லவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவனிடம் கேட்கவும் துணிவில்லை...

ஓய்வுக்குப் பிறகு, நடந்ததையெல்லாம் அலுவலகத்துக்கு எழுதினேன். உரிய படிவத்தில், மூன்று நகல்களுடன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் நினைவூட்டல் அனுப்பினேன். கோப்புகளை எப்படி உறங்க வைப்பது என்று அங்கிருந்த குமாஸ்தாப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தானே!

கடைசியில் பதில் வந்தது. சுடலைமுத்துவின் நீக்கம் ரத்து. அவன் உடனே வேலையில் சேரலாம். தங்கள்மீது நடவடிக்கை எதுவும் உத்தேசிக்கப்படவில்லை என்று எனக்கும் ஒரு வரி. மாட்டுங்கா ஓட்டலில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது காபி வரவழைத்துக் குடித்தேன். நெஞ்சில் இருந்த கல் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. பொய் சொல்வானேன்?

அன்று மாலையே தாராவிக்குப் போனேன். தோல் கிடங்கில் அவன் சுமை இறக்கிக்கொண்டிருந்தான், ஒரு தோளை மட்டும் கொடுத்து. தாள் ஆங்கிலத்தில் இருந்தது, நான்தான் படித்துச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அந்த வண்டிய இப்ப யாரு சார் ஓட்டுதா? இடப்பக்கம் இழுக்கத யாரும் பாத்தாவளா?"

எனக்குத் தெரியவில்லை. எழுதிய அத்தனை கடிதங்களிலும் அதை மட்டும் நான் கேட்கவேயில்லை.

திரும்பும் வழியெல்லாம் பட்டறை வாசல்களில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சம்பழம் குவியல் குவியலாய் விற்றது. பதில் வந்த தேதி, அறுபத்தேழாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்திய நாள்.