பார்சல் கிடையாது

குன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த நெருப்புதான். மேகம் இறங்கி எதிர்ச்சுவர் மறைந்த நாட்களிலும் அது தெரியும். போன சனிக்கிழமை தெரியவில்லை.

மார்க்கெட் வாசலில் அடுப்பு அணைந்திருந்தது. பழனிச்சாமி அண்ணன் தன் கடை பெஞ்சிலேயே, யாரோ சாப்பிட வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, கண்டக்டர்கிட்டச் சொல்லி உட்டனே. சொல்லலீங்களா?"

சொல்லவில்லை.

"ராமாயி போயிட்டாளுங்க. வியாழக்கெழமை காலையில. மாவு பெசஞ்சு வெச்சுட்டு, செத்த உக்கார்றேன்னா. அவ்வளவுதானுங்க."

ராமாயி அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் ரொட்டியைச் சாப்பிட்டவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவர் பங்குக்கு இந்தியா வந்தது. கப்பல். மண்டபம் முகாம். சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் சில காலம் கொழுந்து பறித்தார். பிறகு குன்னூர். "அங்கயும் குளிரு, இங்கயும் குளிரு. நடுவுல கப்பல்லதான் வேர்த்துச்சு" என்பார்.

முதலில் அவர் பழனிச்சாமி கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவினார். குளிரில் தோசை மாவு புளிக்காமல் போன ஒரு காலை. கடையில் கொடுக்க எதுவும் இல்லை. அவர் கோதுமை மாவில் தேங்காய் துருவிப் போட்டுக் கனமாக ரொட்டி தட்டினார். அம்மியில் மிளகாய்ச் சம்பல் அரைத்தார். அன்றோடு தோசையை யாரும் கேட்கவில்லை.

என் அப்பா எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க். நண்பர்களோடு தினமும் ஜன்னலோர மேசையில் உட்காருவார். "மாஸ்டரை மாத்தீட்டீங்களாட்ட இருக்குது. கை நல்லாருக்குதுங்க" என்று பழனிச்சாமியிடம் சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்கச் சொன்னார்.

மழை விட்டதும் அக்கா அடுப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். "உள்ள பொகை தங்குது மொதலாளி. வாசல்ல வச்சா, மேகத்துக்குள்ள எறங்குறவனுக்கு நெருப்பு தெரியும்."

நெருப்போடு அவரும் தெரிந்தார். மறுநாள் அப்பா படியில் நின்று, ரொட்டி தட்டும் அந்தக் கையைப் பார்த்தார். திரும்பி நடந்தார். நண்பர்களும் திரும்பினார்கள். "யாரோ எவரோ. தெரியாத கை" என்றார் வீட்டில். தெரியாத கை என்றால் எந்தச் சாதிக் கை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நாக்கு கேட்கவில்லை. அந்த வாரமே என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்தார். நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். கடைக்குப் போய் அதை அக்காவிடம் நீட்டினேன்.

"அப்பாவுக்குப் பார்சல் வேணும்."

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு."

"காலு?"

"நல்லா இருக்கு."

"அப்ப நடந்து வரச் சொல்லுங்க தம்பி."

உள்ளே இரண்டு சுமைகூலிகள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோர மேசை துடைத்தபடியே கிடந்தது. கல்லாவிலிருந்து பழனிச்சாமி, "கட்டிக் குடுத்துரும்மா. கடை நடக்கோணுமல்ல" என்றார்.

அக்கா திரும்பவில்லை. "கட்டச் சொன்னா நான் சேரங்கோட்டுக்கே போயிர்றேன் மொதலாளி. என் ரொட்டியத் திங்குறவன் என் மொகத்தப் பாத்துத் திங்கட்டும்."

பழனிச்சாமி கல்லாவைப் பார்த்தார். ஜன்னலோர மேசையைப் பார்த்தார். "அதுவுஞ் செரிதான்" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு ஒண்ணு வெக்கச் சொல்லட்டுங்களா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். தூக்குவாளி காலியாகவே வீட்டுக்குத் திரும்பியது.

அன்று மாலை பழனிச்சாமி கடைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்: பார்சல் கிடையாது. ஆறினால் ரொட்டி விறைத்துவிடும், அதனால்தான் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அதனால் அல்ல.

கடை மூடிவிடும் என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். பழனிச்சாமியும் அப்படித்தான் நினைத்தாராம். அக்கா மட்டும் அடுப்பை உள்ளே எடுக்க விடவில்லை. அடுத்த மழைக்காலம் வந்தது. உருளைக்கிழங்கு லாரியில் வந்த படகர் விவசாயிகள், குந்தா மின்நிலையத்து ஆட்கள், டிரைவர்கள். மேகத்துக்குள் இறங்கினார்கள். நெருப்பைப் பார்த்தார்கள். வந்தார்கள்.

"இந்தச் சம்பலை டர்பைன்ல போட்டா அணைத் தண்ணியே வேண்டாமுங்கக்கா" என்றார் ஒரு குந்தா ஊழியர், கண்ணைத் துடைத்தபடி.

"மொதல்ல நீ தண்ணியக் குடி."

அந்த மழையிலேயே ஒரு காலை அப்பா வந்தார். நானும் கூட இருந்தேன். குடையை மடக்கினார். ஜன்னலோர மேசையில் குந்தா ஆட்கள். காலியாக இருந்தது அடுப்புக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சு மட்டும். அதில் உட்கார்ந்தார். அக்கா தட்டை வைத்தார்.

"சம்பல் ஒறைக்கும் சார். பாத்து."

அப்பா சாப்பிட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "இன்னொண்ணு" என்றார்.

இதை மனமாற்றம் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. பசி என்று எழுதலாம். அக்கா அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பழனிச்சாமி இதையும் சொன்னார். "உங்கப்பாவும் மயானத்துக்கு வந்தாருங்க. இப்பத்தான் அவருக்கு நெசமாவே கால் முடியறதில்லையே. ஜீப்புல ஏறுங்கன்னோம். வேண்டான்னுட்டாரு. நடந்தேதான் வந்தாரு."

திங்கள் முதல் அடுப்பில் அக்காவின் மகள் செல்வி நிற்கிறாள். சுவர் எழுத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. நீங்கள் போய் உட்கார வேண்டும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். போக வேண்டிய இடத்துக்கு ஆள் அனுப்பினால் போதும் என்று தோன்றும்போதெல்லாம் அது கேட்கிறது.

காலு?

நல்லா இருக்கு, அக்கா. எழுந்துகொள்கிறேன்.