நியூட்ரலில் இறங்கிய சம்பந்தி

ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் இந்த பிக்கப் வண்டி. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, டீசல் என்ஜின். தருமபுரிக்குப் போய் மருந்து வாங்கி வரவும் அதுதான், இண்டூர் நிலத்துக்கு எருவும் சொட்டுநீர்க் குழாயும் ஏற்றவும் அதுதான். இது காரா லாரியா என்று கேட்பவர்களுக்கு ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிப்பேன். இரண்டாவது முறை யாரும் கேட்டதில்லை.

வண்டியோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, இணைப்பு ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவனுக்கு வேறு எப்படிப் பொழுது போகும்? டயர் சூடாவதற்கு முன் காற்றுப் பார்ப்பேன். என்ஜினைப் போட்டதும் கிளம்பமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "சார் வண்டிய எடுக்கறதுக்குள்ள நான் டவுன் பஸ்ஸுல போயிட்டே வந்துடுவேங்க" என்பார். போய் வந்தும் காட்டியிருக்கிறார்.

இந்த வண்டியை இன்னொருவர் ஓட்ட, நான் இடது பக்கம் உட்கார்ந்து போன பயணம் ஒன்றுதான். வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அடுத்த பரிசோதனை வரை ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்பவன் நான்.

சேலத்தில் மகளும் மாப்பிள்ளையும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல் மேடைக்குக் கருங்கல் பலகை இங்கே மலிவு என்று மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்பந்தி, பஸ் ஏறி வந்துவிட்டார். கல்லை அவரே தேர்ந்தெடுத்தார். தொட்டி எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் இருந்ததை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு பலகைகளை ஏற்றச் சொன்னார். "சம்பந்தி வண்டி தாங்காதுங்களா என்ன?" என்று என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் அந்த இடத்தில் வேறு என்ன செய்வான்?

"நான் ஓட்டறேங்க. இருவது வருசம் லாரி ஓட்டுனவன். இதெல்லாம் எனக்கு சைக்கிள்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி பின் சீட்டில். அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுச் சுவரைத் தாண்டி, சாக்கு வைத்துக் கயிறு கட்டி நிமிர்த்தி வைத்த கருங்கல் பலகைகள்.

சுங்கச்சாவடி தாண்டும் வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் இடது கை கியர் கம்பியை மெல்ல, பழக்கப்பட்ட மாட்டைத் தடவுவதுபோல் தடவி, நியூட்ரலுக்குத் தள்ளியது. என்ஜின் சுற்றைக் காட்டும் முள் சரிந்து அடியில் போய் நின்றது. வேகத்தைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

நான் பார்த்துவிட்டேன் என்பதையும் அவர் பார்த்தார். "லாரிக் காலத்துல இந்த மலையில மிச்சம் பண்ற டீசல் டிரைவருக்குங்க. ஓனர் கணக்கு கேக்க மாட்டான். இங்க கியர்ல எறங்குனா கூட்டாளிங்க சிரிப்பானுங்க."

டீசல் என்னுடையது, எரிந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். சம்பந்தியிடம் அப்படிப் பேச முடியாது. நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று ஆள் உயரத்துக்கு எழுதிய பலகை எதிரே வந்தது. அதன் தயவை நாடினேன்.

"போர்டு ரொம்பப் பெருசா வெச்சிருக்காங்க, பாருங்க சம்பந்தி."

"ஆமாங்க. புதுசா ஓட்டறவனுக்கெல்லாம் உபயோகமா இருக்கும்."

வளைவில் வண்டி சாய்ந்தது. பின்னால் கல்லோடு கல் உரசும் சத்தம். அவர் பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். கியரில் இருந்தால் என்ஜினே பாதி பாரத்தைப் பிடித்திருக்கும். இப்போது மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். எவ்வளவு தூரம் தாங்கும் என்பது மட்டும் கையேட்டில் இல்லை.

"அண்ணா, மெதுவாப் போங்கண்ணா. கல்லு சத்தம் போடுது" என்றாள் மனைவி. அவளுக்கு அவர் அண்ணன் முறை. எனக்கு இல்லாத சில உரிமைகள் அவளுக்கு உண்டு.

"கல்லுக்கு என்னம்மா பயம்? அது மலையிலேயே பொறந்து வளந்தது."

அவள் என் தோளைப் பின்னாலிருந்து கிள்ளினாள். எதையாவது சொல்லுங்கள் என்று அதற்குப் பொருள். எந்த முறையில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சாவியை ஒரு படி பின்னால் திருப்பினார். ஏ.சி. நின்றது. என்ஜின் நின்றது. கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இரைந்தது.

"சும்மா எதுக்குங்க ஓடணும்?" என்றார் பெருமையாக.

என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் விசையும் நின்றுவிடும். மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு பெடல் கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அவர் ஓட்டிய பழைய லாரியில் பிரேக் வேறு விதம். அந்தக் கால் இந்த வண்டியை அறியாது.

"சம்பந்தி, என்ஜினைக் கொஞ்சம் போட்டுக்கலாமுங்களா?"

"கீழ போயிப் போட்டுக்கலாங்க."

முதல் மிதி பிடித்தது. இரண்டாவது பாதி பிடித்தது. கரிந்த வாடை உள்ளே வந்தது. அடுத்த வளைவு திரும்பியதும் எதிரே இரண்டு லாரிகள். இடது பக்கம் ஒரு கண்டெய்னர் நடை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைவிடச் சற்றே வேகமாகப் போகிற இன்னொன்று வலது பக்கம் ஏறி அதை முந்தப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது ஓரம் தடுப்புச் சுவர், வலது ஓரமும் தடுப்புச் சுவர். நடுவில் எங்களுக்கு என்று எந்த இடமும் இல்லை.

மூன்றாவது முறை மிதித்தார். கால் கீழே போகவில்லை. சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தார். வண்டி கொஞ்சமும் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருட லாரி அதில் இல்லை.

"டேய்! சாவியத் திருப்புடா! கிளச்ச மிதி! கிளச்சு!"

என் குரல்தான் அது. அலுவலகத்தில்கூட நான் ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கை தானாகச் சாவிக்குப் போனது. என்ஜின் உறுமியது.

"கிளச்ச விடாத. கியர நான் போடறேன். நீ ரோட்டப் பாரு!"

கம்பியை நான்காவதுக்குத் தள்ளினேன். "விடு!" வண்டி குலுங்கி, எங்களை முன்னால் தள்ளியது. "மிதி!" மூன்றாவது. "விடு, மெதுவா விடுடா!" என்ஜின் அலறியது. பின்னால் பலகைகள் தகட்டுச் சுவரில் வந்து இடித்தன. என் மனைவி கத்தவில்லை. சீட்டின் கீழே குனிந்துகொண்டாள் என்று பிறகு சொன்னாள். கண்டெய்னரின் பின் கதவில் எழுதியிருந்த எல்லாவற்றையும், ஓட்டுநர் பார்க்க வேண்டிய சின்ன எழுத்து உட்பட, புரை எடுத்த கண்ணாலேயே படித்துவிட்டேன்.

"பிரேக்கு?"

"வருதுங்க... கொஞ்சம் வருதுங்க" என்றார். அந்த நிலையிலும் அவர் 'ங்க' போட்டார். நான் போடவில்லை.

"மிதி. இப்ப ரெண்டு."

இரண்டாவது கியர் விழுந்தபோது கண்டெய்னரின் கதவுக்கும் எங்கள் மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். இடைவெளி அதற்கு மேல் குறையவில்லை. மெல்ல விரிந்தது. கடைசி வளைவு வரை அந்த லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். நான் கியர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை.

மலை முடிந்ததும் ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தினோம். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அவர் இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஊத்த வேணாங்க சம்பந்தி. தானா ஆறட்டுங்க. சூட்டுல ஊத்துனா பிரேக் தட்டு வளைஞ்சிடுங்க" என்றேன். மரியாதை திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் தாமதமாக.

குடத்தைக் கீழே வைத்தார். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. யாரும் தொடவில்லை.

கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பன்கூட என்னைய அப்பிடிக் கூப்புட்டதில்லீங்க" என்றார்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் தலைவரை, அவருடைய மருமகளின் அப்பன், நெடுஞ்சாலையில் டேய் என்றிருக்கிறான். இதற்கு எந்த விதியிலும் பரிகாரம் எழுதப்படவில்லை. "மன்னிச்சுக்கணுங்க. அந்த நேரத்துல..." என்று இழுத்தேன்.

என் மனைவிதான் டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "குடிங்கண்ணா. இத்தன வருசத்துல என்னையக்கூட ஒரு தடவ 'அடியே'ன்னு கூப்புட்டதில்ல இவரு. உங்க மேல அம்மாம் பாசம் போல."

அவர் வாய் கோணியது. சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குள் ஒரு கூட்டம் நடந்தது. சிரிக்கவில்லை. டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, சாவிய அணைச்சது நம்ம வூட்ல தெரிய வேணாங்க" என்றார். "பையன் என்னைய வண்டியத் தொட விடமாட்டான்."

"நான் கூப்புட்டதும் தெரிய வேணாங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் காதுல விழலீங்க."

"நானும் சாவியப் பாக்கலீங்க."

இருவரும் என் மனைவியைப் பார்த்தோம். "நான் சீட்டுக்கு அடியிலதான இருந்தேன்" என்றாள்.

கயிறுகளை இழுத்துக் கட்டினோம். ஒரு பலகையின் முனை உடைந்திருந்தது. அடுப்புக்குப் பின்னால் வைத்தால் தெரியாது என்று அவரே சொன்னார். சக்கரம் நன்றாக ஆறிய பிறகு, பெடலைப் பலமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, மறுபடி அவர்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எனக்குக் கண் சரியில்லை, என் மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. வேறு வழி இல்லை.

சேலம் வரை சமவெளி, அகலமான சாலை. சம்பந்தி மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்ஜின் அழுதது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்தன. பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போய், திரும்பியும் பார்த்தது. அவர் முதுகு நிமிர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, பாதையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்த வண்டிக்கு மேலும் கியர்கள் உண்டு என்பதை அவருக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வாக்கியம் எதுவும் மிச்சம் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தோளில் மறுபடி கிள்ளு விழுந்தது. நான் அசையவில்லை. பிறகு அவளே முன்னால் சாய்ந்து, "அண்ணா, நாம இன்னும் மலை எறங்கலையாண்ணா?" என்று கேட்டாள்.

சம்பந்தி கொஞ்ச தூரம் போய், என்னைப் பார்க்காமல், நான்காவதுக்கு மாற்றினார். ஐந்தாவதுக்கு அவராக வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.