ஸ்லீவ் போடாத இணைப்பு

மணமேல்குடியிலிருந்து கட்டுமாவடி போகிற ரோட்டோரம் வாய்க்கால் தோண்டிய பொக்லைன், எங்கள் கண்ணாடியிழைக் கேபிளைக் கடித்துத் துப்பிவிட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஊமை. நானும் என்னோடு வேலை பார்ப்பவனும் குழிக்குள் இறங்கினோம். கீழே சேறு, மேலே வேடிக்கை பார்க்கிற கூட்டம். வேடிக்கை பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. “எப்பண்ணே சிக்னல் வரும்?” என்று கேட்ட ஒவ்வொருவர் மேலும் வள்ளென்று விழுந்தேன்.

ஒரு பெண் மட்டும் எதுவும் கேட்காமல் போனைப் பிடித்தபடி நின்றாள். அவள் புருஷன் வளைகுடா நாட்டுக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவர். அங்கே அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கூட இருக்கும் ஊர்க்காரர் போனை அவர் காதில் வைப்பதாகச் சொல்லியிருந்த வேளையில் கேபிள் அறுந்திருக்கிறது. வேறு ஊருக்குப் போய்ப் பேசலாம் என்று பஸ் ஏறப் போனவளை, “அரை மணியில வந்துரும்க்கா” என்று நிறுத்தியதே என்னோடு இருந்தவன்தான். அதனாலேயே அவனுக்குக் கை பரபரத்தது.

கேபிளுக்குள் அறுந்த இழைகளில் அந்த ஊர் டவருக்குப் போகிறதை அவன் முதலில் எடுத்தான். இரண்டு கண்ணாடி நுனிகளை மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினால், மின்பொறி உருக்கி ஒட்டிவிடும். ஒட்டிய இடம் வெறும் கண்ணாடி, வெளியே எடுத்தால் ஒடியும். அதற்காக ஸ்லீவ் என்கிற சின்னக் குழாயை அதன்மேல் நகர்த்திச் சூடாக்கி இறுக்குவோம். அந்தக் குழாயை ஒட்டுவதற்கு முன்பே ஒரு நுனியில் கோர்த்திருக்க வேண்டும், பிறகு கோர்க்க வழியில்லை. எங்கள் ஆட்கள் அவசரத்தில் கோட்டை விடுகிற இடம் இது; அவனும் கோர்க்காமலேயே ஒட்டி முடித்திருந்தான்.

“டேய், ஸ்லீவ் எங்கடா?”

அவன் முகம் செத்துப்போனது. “மறுபடி அத்துட்டு ஒட்டிருவோம்ணே.”

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மெஷின் மூடியைத் திறக்கப் போனான். அப்போது மேலே அந்தப் பெண்ணின் போன் அடித்தது; ஸ்லீவ் இல்லாமலேயே சிக்னல் வந்துவிட்டது.

“ஏங்க... நாந்தாங்க. கேக்குதா?”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “தொடாத.”

இருந்தது ஒரே மெஷின். அதை விடுவிக்காமல் அடுத்த இழையைத் தொட முடியாது. சூப்பர்வைசர் போனில் கத்தினார்: “ஒரு டவர்தான்யா வந்திருக்கு, மத்ததெல்லாம் என்னாச்சு?” “காத்து சார், பொறி நிக்க மாட்டேங்குது” என்று புளுகினேன். கேபிள் சேற்றில் நழுவி இழையை இழுத்துவிடாமல் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையாகத் தாங்கிக்கொண்டு குந்தியிருந்தோம்.

“சின்னவ நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாலு எட்டு வைக்கிறா, விழுறா. வலிக்குதாங்க? ஒண்ணும் நெனைக்காதீங்க, இங்கிட்டு நான் பாத்துக்கிறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்த மாதிரி இல்லை. அவளே பேசிக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கேள்வி கேட்டவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கேபிளை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

திடீரென்று அவள் பேச்சு நின்றது. ஒடிந்துவிட்டதோ என்று பதறி மெஷின் திரையைப் பார்த்தேன். இணைப்பு அப்படியே இருந்தது.

அந்தப் பக்கம் ஊர்க்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டாள். பிறகு குழி விளிம்பில் உட்கார்ந்தாள். மறுபடி அறுக்க வேண்டும் என்று நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டிருக்கிறாள் போலும்.

“முடிஞ்சு போச்சு தம்பி. இனி நீங்க அத்துக்கங்க.”

அவன் அசையவில்லை. நான்தான் மூடியைத் திறந்தேன். எடுக்கும்போதே இழை ஒடிந்தது. ஸ்லீவைக் கோர்த்து, நுனிகளை வெட்டி, மறுபடி ஒட்டினேன். நல்ல இணைப்பு என்று மெஷின் காட்டியது. திரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண் அவ்வளவு கலங்கியிருந்தது.