வெறும் பெட்டி

எங்கள் அம்மாவுக்கு ஒரு வியாதி இருந்தது. அயல்வீட்டுப் பாத்திரம் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால், அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கை வராது. ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்தால், அந்தக் கிண்ணம் இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி சீனியோ இல்லாமல் வேலியைத் தாண்டித் திரும்பிப் போனதில்லை. ஊரில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். அதை லண்டனில் செய்யப் போய்த்தான் ஒரு குளிர்காலத்தில் எங்கள் எல்லாரையும் அம்மா பதற வைத்தார்.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, எட்டு வயதில் நான், பால்மா குடிக்கிற தம்பி, அப்பாவின் தம்பியான சித்தப்பா. அப்பாவுக்கு வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. சித்தப்பா பெற்றோல் ஷெட்டில் நின்று உழைத்ததில் வாடகை போக மிஞ்சியது கிழமையின் முதல் பாதிக்குக் காணும். மற்றப் பாதியை ஓட்டியது பெட்டிதான்.

இலை உதிரத் தொடங்கியதும் தெருமுனைத் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் அந்தப் பெட்டியைக் கொடுப்பார்கள். அறுவடைத் திருநாளுக்குச் சனம் கொண்டுவந்து குவித்த சாமான்களில் தொடங்கி, குளிர் விடும்வரை நடக்கும். நீலநிற பிளாஸ்ரிக் பெட்டி. சாமானை எடுத்துக்கொண்டு அடுத்த வியாழன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், நிரப்பிய வேறொரு பெட்டி கிடைக்கும். மேசைக்குப் பின்னால் ஒரு பருத்த வெள்ளைக்காரப் பெண் நிற்பார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் அவருக்கு நான் கண்ணாடி அன்ரி என்று பெயர் வைத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் அம்மாவின் வாயாக நானும் கூடப் போவேன்.

முதல் பெட்டியை வீட்டுத் தரையில் வைத்துச் சுற்றி இருந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. தக்காளிக் குழம்பில் அவரை மிதக்கும் தகரப் பேணி. பாலில் சீனி போட்டுச் சோற்றை அவித்துப் பேணியில் அடைத்த ஓர் அதிசயம். அடியில் தம்பிக்குப் பால்மா, எனக்கு ஒரு சொக்லேற் பிஸ்கற் பக்கற். அதற்குப் பக்கத்தில் மாட்டுப் படம் போட்ட இறைச்சிப் பேணி. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வீட்டுக்குள் மாடு வந்துவிட்டதே என்று அம்மா பதறினார்.

“அண்ணி, தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது,” என்றார் சித்தப்பா. “விடுங்கோ, என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரனிட்டக் குடுத்துவிடுறன்.”

சொன்னபடியே ஒவ்வொரு கிழமையும் கொண்டுபோனார். அந்த நாள்களில் வேலை முடிந்து வந்து ஏனோ சித்தப்பா சாப்பாடு கேட்பதில்லை. வெள்ளைக்காரன் நன்றியுள்ளவன், பதிலுக்கு ஏதோ சாப்பிடக் கொடுக்கிறான் என்று அம்மா மெச்சிக்கொண்டார்.

அடுத்த வியாழன் வந்தது. அம்மா பெட்டியைக் கழுவித் துடைத்துவிட்டு அதன் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊறப்போட்டிருந்த கடலைப்பருப்பை அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து வடை சுட்டு, கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

மண்டபத்தில் பெட்டியை மாற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தால், பின்னால் கண்ணாடி அன்ரி வடைப் பொட்டலத்தோடு மூச்சு வாங்க ஓடி வருகிறார். எங்கள் மதியச் சாப்பாட்டை மறந்து விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். பாவம். அம்மாவோ, நாங்கள் கொடுத்ததை வேண்டாம் என்கிறார்கள் என்று முகம் கறுத்துப் போனார். நடுத்தெருவில் நான் இருவருக்கும் நடுவில்.

“இது உங்களுக்கு,” என்றேன்.

“எனக்கா? எதற்கு?”

முருங்கைக்காயையும் வேலியையும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு எங்கே தெரியும்? “பெட்டிக்கு,” என்றேன். அன்ரி பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதன்பிறகு ஒரு வியாழனும் வடை தவறவில்லை.

சித்தப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் எங்களுக்கு முன்பே லண்டனுக்கு வந்தவர். அதனால் இந்த நாட்டுச் சட்டமெல்லாம் தன் சட்டைப்பையில் இருப்பதாக ஒரு நினைப்பு.

“அண்ணி, சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிறியள். வடை சுட்டுக் குடுக்கிற ஆக்களுக்கு என்னத்துக்குச் சாப்பாடு எண்டு ஒருநாள் விசாரிப்பினம். அதோட பெட்டி நிண்டிடும். பிறகு பால்மாவுக்கு எங்க போறது?”

“விசாரிச்சா விசாரிக்கட்டும்,” என்பார் அம்மா. ஆனாலும் தம்பியின் பால்மாப் பேணியைத் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று ஆட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கும் பயம் வந்துவிடும்.

கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் விசாரணை வந்தேவிட்டது. அம்மா வரிசையில் நிற்க, அன்ரி என்னை மட்டும் மேசைக்கு ஓரமாகக் கூப்பிட்டார்.

“இதை அம்மா எதில் செய்கிறார்?”

“பருப்பு. வெங்காயம், மிளகாய், எண்ணெய்.”

“எங்கே வாங்குகிறார்?”

சித்தப்பா சொன்னது நடக்கப் போகிறது. நாங்கள் வசதியான ஆக்கள் இல்லை என்று எப்படியாவது இந்த மனுசிக்கு நிரூபித்துவிட வேண்டும். “ஈஸ்ட்ஹாம் கடையில். ஆனால் அம்மா பஸ்ஸில் போகமாட்டார். போகவும் வரவும் நடைதான். மழையிலும் நடைதான். அந்த பஸ் காசில்தான் பருப்பு வாங்குகிறவர்,” என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, பெட்டியை நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

வீட்டில் வந்து நடந்ததைச் சொன்னேன். “முடிஞ்சுது கதை. நான் சொன்னனான் எல்லோ!” என்று சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். அம்மாவுக்கு பஸ் காசு வெளியே போனதுதான் வெட்கமாகிவிட்டது. “வீட்டுக்கதையை ஏனடி ஊருக்கு அவிட்டனீ?” என்று என் காதைத் திருகினார். அடுத்த வியாழன் காலை அப்பாவும் வாயைத் திறந்தார். “இந்த முறை மட்டும் வடை வேண்டாம். வெறும் பெட்டியைக் குடுப்பம். பிள்ளையின்ர பால்மாவை யோசி.”

அம்மா யோசித்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். தம்பி பக்கத்தில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

“பெட்டி தராட்டி விடட்டும்,” என்றார் கடைசியில். “வெறும் பெட்டியோட அந்த மனுசியின்ர முகத்தைப் பாக்க என்னால ஏலாது.” சொல்லிவிட்டு எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் ஏற்றினார்.

மண்டபத்தில் என் கையை அம்மா பிடித்த பிடியில் விரலெல்லாம் நொந்தது. அன்ரி வடைப்பெட்டியை வாங்கினார். அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றையும் தொடவில்லை. பிறகு குனிந்து, மேசைக்குக் கீழே தனியாக வைத்திருந்த ஒரு பெட்டியை இரண்டு கையாலும் இழுத்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பாரமான பெட்டி. அம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

வீட்டில் திறந்து பார்த்தோம். பால்மா இருந்தது. ஐயோ, அப்பாடா! உருளைக்கிழங்கு இருந்தது. மீதி இடத்தில், சூப்புக்குப் போடுகிற மஞ்சள் பட்டாணிப் பருப்புப் பக்கற்றுகள், ஒரு பை வெங்காயம், ஒரு பெரிய போத்தல் எண்ணெய், மூலையில் குட்டியாக மிளகாய்த்தூள்.

“மாட்டுப்பேணி இல்லையோ?” என்று சித்தப்பா பெட்டியை இரண்டுதரம் கிளறினார். எல்லாரும் பார்க்கவும், “இல்லை, அந்த வெள்ளைக்காரன் கேப்பான்…” என்று இழுத்தார்.

அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஒரு பக்கற்றைப் பிரித்து, பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். “கடலைப்பருப்பு இல்லை. எண்டாலும் வடை வரும்,” என்றார்.

எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. கிழமைதோறும் எனக்கென்று வருகிற சொக்லேற் பிஸ்கற் பக்கற் இந்தப் பெட்டியில் இல்லை. அடிவரை தேடிவிட்டேன், இல்லை.

“அம்மா, அந்த அன்ரி சரியான ஆசை பிடிச்ச மனுசி. தான் வடை தின்னவேணுமெண்டு என்ர பிஸ்கற்றை எடுத்துப்போட்டுப் பருப்பு வைச்சிருக்கிறா!”

பெரியவர்களை அப்படிச் சொன்னால் வாயிலேயே ஒன்று விழும். அன்றைக்கு விழவில்லை. அம்மா சிரித்தார். “ஓமடி, பெரிய ஆசை பிடிச்ச மனுசிதான்,” என்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, “இஞ்சாருங்கோ, இவள் சொல்லுறதைக் கேளுங்கோ,” என்று அதையே திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

இவ்வளவு அநியாயம் நடந்திருக்க, அம்மா பெரிய சட்டியை எடுத்து அந்தப் பருப்பைக் கழுவி ஊறப்போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அவர் பாடி நான் கேட்டதில்லை. தன் பிள்ளையின் பிஸ்கற் பறிபோனதில் இப்படிச் சந்தோஷப்படுகிற ஒரு தாயை, உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.